அக்காவின் கலியாண வீடியோவைக் குளிரவைத்த கதை

என் அக்காவுக்குக் கலியாணம் நடந்தது என்பதற்குச் சாட்சிகள் உண்டு. பதிவுத் துண்டு உண்டு, அல்பம் உண்டு, இரண்டு பிள்ளைகளும் உண்டு. தாலி ஏறும் கணத்தை மேளச் சத்தத்தோடு காட்டும் வீடியோ மட்டும் கிடையாது. அந்தக் காலத்தில் எங்களிடமிருந்து எது காணாமற் போனாலும் பழியைச் சண்டையின் தலையில் போட்டுவிடுவது வழக்கம் (வசதியும் கூட). இதை மட்டும் அப்படிப் போட முடியாது. அதை அழித்தவன் நான். பயன்படுத்திய ஆயுதங்கள்: முக்கால் கிலோ அலுமினியம், ஒரு பிடி விபூதி, உயர்தரப் பரீட்சையில் பௌதிகவியலுக்குக் கிடைத்த ஒரு 'ஏ'.

அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது. வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் பின்பக்க அனெக்ஸில் நானும் அக்காவும் குடியிருந்தோம். அக்காவுக்கு ஒரு காப்புறுதிக் கம்பனியில் வேலை. நான் கோட்டையில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் எழுதுவினைஞன். கப்பலை ஜன்னலால்கூடப் பார்க்க முடியாத கப்பல்காரன். அங்கே பிரின்டரில் சிக்கிய தாளை ஒருநாள் இழுத்து எடுத்துவிட்டேன். அன்றிலிருந்து 'கொம்பியூட்டர் தெரிஞ்ச பெடியன்' என்ற பட்டம் எனக்கு ஒட்டிக்கொண்டது. மற்றவர்கள் அதை வேடிக்கையாகச் சொன்னார்கள். நம்பியவன் நான் ஒருவன்தான்.

வீட்டில் சொந்தமாக ஒரு கணினி வைத்திருந்தேன். கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றுக்காக, அதன் தகுதிக்கு மீறிய கிராஃபிக்ஸ் கார்ட் ஒன்றை அதற்குள் பொருத்தியிருந்தேன். திரையில் படத்தை ஓடவைக்கும் அட்டை அது. ஓட ஓடச் சூடேறும். சூட்டைத் தணிக்க அதன்மேல் தத்துவெட்டிப் பூச்சி அளவில் ஒரு காற்றாடி. இருபது நிமிடம் விளையாடினால் என் கார் பச்சையாகும், வீதி ஊதாவாகும், பிறகு திரை கண்ணை மூடிவிடும். நல்ல மனிதர்கள் இதை, எழுந்து போய் வேறு வேலை பார் என்று கடவுள் காட்டும் சைகையாக எடுத்துக்கொள்வார்கள். நான் இன்டர்நெட் கஃபேக்குப் போனேன்.

அங்கேதான் கெட்டுப்போனேன். கம்பனிக்காரன் பூட்டிய குளிர்விப்பானைக் கழற்றி எறிந்துவிட்டு, அதைவிடப் பெரிய உலோகக் கட்டியைத் தாங்களே அறுத்து, அராவி, துளையிட்டுப் பூட்டும் ஒரு கூட்டம் உலகத்தில் இருக்கிறது என்று அன்றுதான் அறிந்தேன். அநேகமானோர் பனி கொட்டும் நாடுகளில் இருப்பவர்கள். பனிக்குள் இருந்துகொண்டு அவர்களே இந்தப் பாடுபடும்போது, வெள்ளவத்தையில் இருந்துகொண்டு நான் சும்மா இருப்பதா?

மருதானையில் பழைய வானொலிச் சாமான் விற்கும் கடையொன்றில் செத்துப்போன அம்பிளிஃபயர் ஒன்றைக் கண்டுபிடித்தேன். அதன் முதுகில் ஒரு ஹீட் சிங்க் இருந்தது. சூட்டை உறிஞ்சிக் காற்றில் விடுவதற்காக, வரிசையாகச் செதில் வைத்து வார்த்த அலுமினியக் கட்டி. அதைக் கழற்றி, அளவுக்கு அறுத்து, ஒரு காற்றாடியையும் மேலே பூட்டி என் கார்டின்மேல் வைத்தேன். கார்டின் சிப்புக்கும் அலுமினியத்துக்கும் இடையில் வெள்ளைப் பசை ஒன்று பூச வேண்டும். சின்ன ஊசிக்குழாயில் அடைத்து விற்பார்கள். அது இல்லாவிட்டால் சிப்பும் உலோகமும் பக்கத்துப் பக்கத்து ஃபிளாட்டில் இருந்தும் முகம் பார்த்துக் கதைக்காத அயலவர்கள் மாதிரி. சூடு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகாது.

வேலை வெற்றி. மூன்று மணித்தியாலம் கார் ஓட்டினேன், வீதி கறுப்பாகவே இருந்தது. கணினிப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, மேசையில் படுக்கப்போட்டே வைத்திருந்தேன், சத்திரசிகிச்சை முடிந்த நோயாளி மாதிரி. அலுமினியக் கட்டி தன் பாரத்திலேயே சிப்பின்மேல் சம்மணம் கொட்டி உட்கார்ந்திருந்தது. (இந்தப் படுக்கை விஷயத்தை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் வைத்துக்கொள்ளவில்லை.)

இனிக் கலியாணம்.

யாழ்ப்பாணத்துக்கு இருந்த ஒரே தரைவழியான ஏ-நைன் பாதை மூடியிருந்த காலம். அம்மா யாழ்ப்பாணத்தில் தனியே இருந்தா. ஐயா காலமாகிச் சில வருடங்கள். அம்மா கொழும்புக்கு வரக் கப்பலுக்கு விண்ணப்பித்து, அனுமதிக்குக் காத்திருந்து, அது வராமல், குறித்த முகூர்த்தத்தைத் தள்ளிவைக்க அத்தான் வீட்டார் ஒருமுறை சம்மதித்து, இரண்டாம் முறை சம்மதிக்காமல், கடைசியில் அம்மா இல்லாமலே அக்காவுக்குக் கலியாணம் நடந்தது. தாலி கட்டும்போது போனையாவது பிடித்துக்கொண்டு நிற்பதென்று ஏற்பாடு. அன்றைக்குப் பார்த்து யாழ்ப்பாணத்துக்குப் போன் இல்லை. என் கையிலிருந்த கைத்தொலைபேசியில் ஒரு பெண் சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்று நாள் கழித்து இணைப்பு வந்தது. அம்மா அழவில்லை. "மேளம் ஆர்?" என்று கேட்டா. சொன்னேன். "நல்லா வாசிக்கிறவை" என்றா.

"வீடியோ எடுத்தனீங்கள்தானே?"

"ஓம் அம்மா."

"தாலி கட்டேக்கை மேளம் கேக்கிற மாதிரி அனுப்பிவிடடா. எனக்கு வேறையொண்டும் வேண்டாம்."

கலியாணம் முடிந்து ஒரு மாதத்துக்கு மேலான பிறகு, எங்கள் ஒழுங்கையில் இருந்த ஒரு நேர்ஸ் அன்ரிக்கு யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குத் திரும்ப அனுமதி கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் திருகோணமலைக்குப் புறப்பட்டு அங்கிருந்து கப்பல். வியாழக்கிழமை பின்னேரத்துக்குள் டிவிடியைத் தந்தால் கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொன்னா. அடுத்த ஆள் எப்போது போவார் என்று யாருக்கும் தெரியாது.

வீடியோ எடுத்தவர் கொட்டாஞ்சேனை அன்ரன் அண்ணர். பெரிய தேவாலயத்துக்குப் பக்கத்துத் தெருவில் அவருடைய ஸ்ரூடியோ. முன்னறையில் நீர்வீழ்ச்சி வரைந்த திரைச்சீலை. பின்னறையில் ஒரு கணினி. அதன் பெட்டி அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு செங்குத்தாக நிற்கும். அதன் முகத்துக்கு நேரே ஒரு மேசை மின்விசிறி. அன்ரன் அண்ணரின் கலைத்திறமை முழுவதும் தொகுப்பில்தான் தெரியும். அக்கா சும்மா மணவறைக்கு வரமாட்டா. ஒரு தாமரை மொட்டு சுழன்று சுழன்று விரிந்து, அதற்குள்ளிருந்து வருவா. அத்தான் நீர்வீழ்ச்சியைக் கிழித்துக்கொண்டு வருவார். தாலியைச் சுற்றி இருதயங்கள் பறக்கும்.

புதன்கிழமை காலை அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு நான் அங்கே போனபோது அன்ரன் அண்ணர் தலையில் கைவைத்துக்கொண்டிருந்தார்.

"பாருங்களே தம்பி. டிவிடிக்குத் தள்ளுறேன், தாமரை வரைக்கும் நல்லா வருது. தாமரை விரியிற நேரம் பார்த்து மிஷின் நின்னுடுது. நாலு தரம் பார்த்தாச்சு."

குனிந்து பெட்டியில் கைவைத்தேன். தோசைக்கல். வைத்தியர் நாடி பிடித்த பிறகு தலையாட்டுவாரே, அப்படித் தலையாட்டினேன்.

"கிராஃபிக்ஸ் கார்ட் கொதிக்குது அண்ணை."

"அதுதான் நானும் நினைச்சேன். பெட்டிய திறந்து விட்டு, இந்த ஃபேன இன்னும் கிட்ட வச்சா ஓடிரும். இல்லாட்டி தாமரைய எடுத்துடுவோம். அக்கா நடந்தே வரட்டுமே, என்னா இப்ப?"

இந்த இடத்தில் கதையை நிறுத்திக்கொள்ளலாம். ஒரு மின்விசிறியைக் கிட்ட நகர்த்தியிருந்தால், அல்லது ஒரு தாமரையைக் கைவிட்டிருந்தால், அன்று பின்னேரமே டிவிடி என் கையில். பதினைந்து வருடம் வீடியோ எடுத்த மனிதர் இரண்டு வழி சொல்கிறார், இரண்டும் சரி. ஆனால் பௌதிகவியலில் ஏ எடுத்தவன் மின்விசிறியை நகர்த்தவா பிறந்தான்?

"அண்ணை, ஃபேன் காத்தை மட்டும்தான் தள்ளும். சூட்டைக் கடத்தவேணும். என்னட்டை ஒரு சாமான் இருக்கு. ரெண்டு மணித்தியாலம் தாங்கோ."

"எதுக்கும் இந்த வேல முடியட்டும் தம்பி, பொறகு..."

"என்ரை அம்மாவுக்குப் போற வீடியோ அண்ணை, இது. தாமரையோடை போகட்டும்."

அம்மாவை இழுத்ததும் அவர் மிஷினின் வயரைக் கழற்றிவிட்டார். (அம்மா தாமரையைக் கேட்கவேயில்லை. மேளத்தைத்தான் கேட்டா. இதை இப்போது எழுதும்போதும் காது சுடுகிறது.)

வெள்ளவத்தைக்கு ஓடினேன். என் கணினியிலிருந்து அலுமினியக் கட்டியைக் கழற்றினேன். காற்றாடியோடு சிவப்பும் கறுப்புமாய் இரண்டு வயர்கள் தொங்கின. அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டேன். வெள்ளைப் பசை ஊசிக்குழாயைச் சேர்ட் பையில் வைத்தேன். கொழும்பில் அந்தக் காலத்தில் தமிழ்ப் பெடியன் ஒருவன் இப்படியொரு பையோடு பஸ் ஏறுவது எவ்வளவு புத்திசாலித்தனமான காரியம் என்பது மருதானை தாண்டி, சோதனைச் சாவடியில் பஸ் வேகம் குறைந்தபோதுதான் உறைத்தது.

எல்லோரும் அடையாள அட்டையைக் கையில் எடுத்தார்கள். எனக்குச் சட்டைப்பையிலிருந்த ஊசிக்குழாய் நெஞ்சில் குத்தியது. வெள்ளையாய், பிசுபிசுவென்று, இரசாயனம். இது என்ன என்று கேட்டால் சிங்களத்தில் எப்படி விளக்குவது? என் சிங்களம் காய்கறிக்கும் பஸ்ஸுக்கும் போதும், வெப்பக் கடத்தலுக்குப் போதாது. மூளை மின்னல் வேகத்தில் ஆராய்ந்து, சந்தேகத்துக்குரிய பொருளை அப்புறப்படுத்தும்படி உத்தரவிட்டது. ஜன்னலால் ஊசிக்குழாயை வீதியோரக் கழிவுநீர்க் கானுக்குள் நழுவவிட்டேன். தப்பினேன் என்று பெருமூச்சுவிட்டேன். பிறகு, முக்கால் கிலோ உலோகமும், சுழலும் பாகமும், இரண்டு நிற வயர்களும் கொண்ட பையை அணைத்துக்கொண்டு சோதனைக்காகப் பஸ்ஸால் இறங்கினேன்.

பையைத் திறந்த இராணுவச் சிப்பாய் ஓரடி பின்னால் போனான். "மே மொகத்த?" இது என்ன என்று கேட்டான்.

"கொம்பியூட்டர் எக்க... சீத்தல கரன்ன."

கணினியைக் குளிராக்க. நான் சொன்னதை நானே கேட்டேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை.

பஸ் போய்விட்டது. என்னை ஓரமாக, பையிலிருந்து பத்தடி தள்ளி, கைகளைத் தெரியும்படி வைத்துக்கொண்டு நிற்கச் சொன்னார்கள். அடையாள அட்டையும் பொலிஸ் பதிவும் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போயின. பிறந்த இடம் என்ற வரியில் எல்லோருடைய விரலும் ஒருமுறை நின்றது. முக்கால் மணித்தியாலம் நின்றேன். அதை வேடிக்கையாக எழுத எனக்கு இன்னும் வரவில்லை.

கடைசியில் வயதான சார்ஜன்ட் ஒருவர் வந்தார். கட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார், காற்றாடியை விரலால் சுழற்றினார், செதில்களுக்கிடையால் என்னைப் பார்த்தார். நான் மறுபடியும் என் வசனத்தைச் சொன்னேன். அவர் முகத்தில் கோபம் இல்லை, ஒருவித இரக்கம் இருந்தது.

"கெதர ஃபேன் எகக் நெத்த, மல்லி?"

வீட்டில் ஒரு ஃபேன் இல்லையா, தம்பி என்று கேட்டார். அன்று காலையிலிருந்து இதே யோசனையைச் சொல்லும் இரண்டாவது மனிதர் இவர். அப்போதும் எனக்கு விளங்கவில்லை.

கொட்டாஞ்சேனைக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் ஒரு மணி. அன்ரன் அண்ணரின் கார்டைக் கழற்றி, கம்பனிக்காரனின் குளிர்விப்பானை நெம்பி எடுத்தாகிவிட்டது. எடுக்கும்போது அதன் கால் ஒன்று முறிந்தது, ஆகவே திரும்பும் வழி இல்லை. அப்போதுதான் பசை இல்லை என்பது ஞாபகம் வந்தது. கையைச் சட்டைப்பைக்குள் விட்டேன். அக்கா எப்போதும் மடித்து வைத்துவிடும் விபூதிப் பொட்டலம் விரலில் தட்டுப்பட்டது.

வெள்ளை. மென்மையான தூள். எண்ணெயில் குழைத்தால் பசை. இன்டர்நெட்டில் ஒருவன் பற்பசை பூசியே ஒரு நாள் ஓட்டியதாக எழுதியிருந்தானே? பற்பசையைவிட விபூதி எவ்வளவு மேல்!

"அண்ணை, தேங்காயெண்ணெய் கொஞ்சம் இருக்கோ?"

அவர் போத்தலைக் கொண்டுவந்து தந்துவிட்டு, நான் உள்ளங்கையில் விபூதியைக் குழைத்து, மோதிர விரலால் சிப்பின்மேல் பூசுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, நான் வேதக்காரன். இருந்தாலும் கேக்கிறேன். மிஷினுக்கு என்னா, நேர்த்தியா?"

"இது விஞ்ஞானம் அண்ணை."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு அவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

கட்டியை வைத்து, நான்கு மூலையிலும் கட்டுக்கம்பியால் இறுக்கினேன். கார்டைச் செருகினேன். என் வீட்டில் போலப் பெட்டியைப் படுக்கப்போட அங்கே இடம் இல்லை, ஆகவே பழையபடி அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில் நிமிர்த்தி வைத்தேன். பெட்டி நிமிர்ந்து நிற்கும்போது கார்டின் சிப்பு நிலத்தைப் பார்க்கும். அதாவது, என் வீட்டில் சிப்பின்மேல் சம்மணம் கொட்டியிருந்த முக்கால் கிலோ, இங்கே சிப்புக்குக் கீழே வௌவால் மாதிரித் தொங்கியது. கட்டுக்கம்பியிலும், கடவுளின் திருநீற்றிலும். புவியீர்ப்பைப் பற்றிப் பரீட்சையில் எட்டுப் பக்கம் எழுதியவன் நான்.

வேலை தொடங்கியது. பத்து நிமிடம், இருபது நிமிடம். தாமரை மொட்டு வந்தது. சுழன்றது. விரிந்தது! அக்கா வெளியே வந்தா. "மாதாவே!" என்று அன்ரன் அண்ணர் என் தோளில் தட்டினார். நான் அடக்கமாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் தலையணையில் முகத்தைப் புதைக்கத் தோன்றுகிறது.

அத்தான் நீர்வீழ்ச்சியைக் கிழிக்கும்போது, உள்ளே ஒரு மெல்லிய சறுக்கல் சத்தம். தேங்காயெண்ணெய் சூட்டுக்கு இளகும் என்பதை நான் பௌதிகத்தில் படிக்கவில்லை, எந்த அடுப்படியிலும் கற்றிருக்கலாம். என்ன என்று குனிந்து பெட்டிக்குள் முகத்தை நீட்டினேன். கட்டி வழுக்கிச் சரிந்தது. கட்டுக்கம்பி அவிழ்ந்து தாய்ப்பலகையில் விழுந்தது. நீல வெளிச்சம் ஒன்று பளிச்சிட்டது, பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம், பிறகு புகை. கட்டி 'டங்' என்று தகட்டில் விழுந்தது. காற்றாடி மட்டும் கடைசி வரை சுற்றிக்கொண்டிருந்துவிட்டு நின்றது.

புகை அடங்கியதும் அன்ரன் அண்ணர் மெதுவாக, "ஹார்ட் டிஸ்க்?" என்றார்.

தெருமுனைக் கணினிக் கடையில் போட்டுப் பார்த்தோம். அது மூச்சுவிடவில்லை.

"பரவாயில்லை அண்ணை, கமராவிலை எடுத்த வீடியோ ரேப் இருக்குத்தானே? திரும்ப ஏத்துவம்."

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "மிஷின்ல ஏத்தின ரேப்ப நான் வச்சிருக்கிறதில்ல தம்பி. முதலாம் ரேப்பும் ரெண்டாவதும் ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பிள்ளைகளோட புதுநன்மைப் பூசைய வீடியோ எடுக்கக் கொண்டு போயிட்டேன். அதுக்கு மேலயே எடுத்தாச்சு."

என் அக்கா தாலி வாங்கிய இடத்தில் இப்போது கொட்டாஞ்சேனைப் பிள்ளைகள் வெள்ளை உடுப்போடு வரிசையில் போய்க்கொண்டிருந்தார்கள்.

இதுவரை நடந்தது முட்டாள்தனம். இனி நடந்ததுதான் வெட்கம்.

நாலு மணிக்கு அக்காவும் அத்தானும் வீடியோவைப் பார்க்க வந்தார்கள். அத்தான் பேசுவதில் ஓர் ஒழுங்கு உண்டு. சாதாரணமாக 'டா' போடுவார். கோபம் வந்தால் ஆங்கிலம். மிகவும் கோபம் வந்தால் மரியாதை. அன்றைக்கு நேரே மரியாதைக்கே போனார்.

"மிஸ்டர் அன்ரன், நீங்கள் தொழில் செய்யிறீங்களோ, இல்லாட்டி விளையாடுறீங்களோ? ஒரு தாய் அங்கை காத்துக்கொண்டிருக்கிறா. உங்களை நம்பித்தானே தந்தனாங்கள்?"

அன்ரன் அண்ணர் என் பக்கம் திரும்பினார். கோபமாக அல்ல, நீ சொல்கிறாயா நான் சொல்லட்டுமா என்று கேட்கிற மாதிரி. நான் சுவரில் இருந்த திருநாள் கலண்டரைப் படித்துக்கொண்டிருந்தேன். அந்த மாதத்துப் புனிதர்கள் எல்லோருடைய பெயரும் எனக்குப் பாடமானது.

"மிஷினுக்கு வயசு போச்சு ஐயா" என்றார் அன்ரன் அண்ணர். "கரண்டும் சரியில்ல. மன்னிச்சுக்கங்க."

நான் அதற்குத் தலையாட்டினேன். (ஆட்டினேன். "கரண்ட் ஏறி இறங்கினது" என்று ஒரு வசனமும் சேர்த்தேன்.)

தன் பிழைப்புக்கு இருந்த ஒரே கருவியை நான் கரியாக்க, பழியையும் அவரே வாங்கி வைத்துக்கொண்டார். அத்தான் விடுவிடென்று ஓட்டோ பிடிக்கத் தெருவுக்குப் போனார். அக்கா வாசலில் நின்றா. அழுவா என்று பயந்தேன். அழவில்லை. என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தா.

"டேய், உன்ரை இடப்பக்கத்துப் புருவம் எங்கை?"

கையை வைத்துப் பார்த்தேன். பாதி இல்லை. மீதி சுருண்டிருந்தது.

"கரண்ட் ஏறி இறங்கினதெண்டா அன்ரன் அண்ணையின்ரை புருவமெல்லோ போயிருக்க வேணும்?"

அதோடு என் வாய் திறந்தது. தாமரை, மின்விசிறி, கான், விபூதி, எல்லாவற்றையும் நின்ற நிலையிலேயே கொட்டினேன். அக்கா கேட்டுக்கொண்டு நின்றா. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏசவில்லை.

"எனக்குச் சொன்னது காணாது" என்று மட்டும் சொன்னா. "அத்தானைக் கூப்பிடு. உள்ளுக்கை வந்து, அந்த மனிசனுக்கு முன்னாலை சொல்லு."

சொன்னேன். நீர்வீழ்ச்சித் திரைச்சீலைக்கு முன்னால், அரைப் புருவத்தோடு நின்று சொன்னேன். அத்தான் முழுவதையும் கேட்டுவிட்டு, என்னைப் பார்த்து, "நீங்கள் சொல்லுறது விளங்குது" என்றார். எனக்கு மரியாதை! அவர் மறுபடியும் என்னை 'டா' போட ஏழு மாதம் பிடித்தது. பிறகு அன்ரன் அண்ணரின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். அதையும் நான் நின்று பார்க்க வேண்டியிருந்தது.

அடுத்த நாள் காலை என் கணினியை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். கம்பனிக்காரனின் சின்னக் காற்றாடியைப் பழையபடி பூட்டியிருந்தேன். அன்ரன் அண்ணர் பெட்டியைத் தொடாமல் சுற்றிவந்து பார்த்தார்.

"தம்பி, அந்த அலுமினியத்த கழட்டியாச்சா?"

"ஓம் அண்ணை."

"விபூதி?"

"பூசேல்லை."

"அப்ப வைங்க." வைத்ததும் மேசை மின்விசிறியைக் கொண்டுவந்து அதன் முகத்துக்கு நேரே திருப்பினார். பெட்டி அதற்குப் பிறகு ஐந்து வருடம் அவருக்கு உழைத்தது.

அன்றைக்குத்தான் அவர் மேசை லாச்சிக்குள்ளிருந்து மூன்றாவது ரேப்பை எடுத்தார். வேண்டாமென்று ஏற்றாமல் விட்டது. சாப்பாட்டுப் பந்தி. நாற்பது நிமிடம், தொடக்கத்திலிருந்து முடிவு வரை, ஆட்கள் சாப்பிடுகிறார்கள். தாலி இல்லை, மணவறை இல்லை, ஐயர் இல்லை. "இதுதான் இருக்கு தம்பி" என்றார். தாமரை போடட்டுமா என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அப்படியே டிவிடியாக்கி, வியாழக்கிழமை பின்னேரம் நேர்ஸ் அன்ரியின் கையில் கொடுத்தோம். அந்த நாற்பது நிமிடத்தைப் பார்க்கும் தைரியம் எனக்கு இருக்கவில்லை. கலியாண வீட்டுச் சோறு பிசைவதைப் பார்க்கவா அம்மா ஒன்றரை மாதமாகக் காத்திருந்தா?

இரண்டு கிழமை கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், போன் வந்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டா. அத்தானும் இருந்தார். நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த மன்னிப்பைத் தொடங்கினேன். அம்மா இடையில் மறித்தா.

"விடடா. ஒழுங்கைக்குள்ளை எல்லாரும் வந்து, நடராசாவின்ரை வீட்டை ஜெனரேட்டர் போட்டுப் பாத்தனாங்கள். ரெண்டு தரம். அக்கா மனிசனுக்குப் பக்கத்திலை இருந்து சிரிச்சுச் சிரிச்சுச் சாப்பிடுறாள். அவள் அப்பிடிச் சாப்பிட்டு நான் கண்டு எத்தினை வருசம். சத்தத்துக்குப் பின்னாலை ஒரு மேளமும் கேட்டுது. எனக்கு அது காணும்."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டா. அத்தான்கூட மூக்கை உறிஞ்சினார். நான் மன்னிக்கப்பட்டுவிட்டேன் என்று நினைத்து நிமிர்ந்தேன். அதற்குப் பிறகு அம்மா சொன்னதை இன்றைக்கு ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற எங்கள் சொந்தக்காரர்கள், எந்தக் கலியாண வீட்டில் என்னைக் கண்டாலும், எழுத்துப் பிசகாமல் ஒப்புவிக்கிறார்கள்:

"ஆனா மோனை, நீ மூண்டாம் பந்தியிலையும் இருந்து பாயசத்துக்குக் கையை நீட்டேக்கை, பரிமாற வந்த மனிசன் வாளியை மற்றப் பக்கம் மாத்திக்கொண்டு போனவர். நீ காணேல்லை. இஞ்சை ஒழுங்கை முழுக்கக் கண்டுது."